சம்பளத்தை மறுத்த ஆசிரியர்

ஒரு தேசம் தன் வித்துவான்களை எவ்வாறு நடத்துகிறதென்பதை அறிய விரும்புவோர், அத்தேசத்தார் அவர்களுக்கு எடுக்கும் விழாக்களைப் பார்த்துப் பயனில்லை. அவர்கள் உயிரோடிருந்து உழைத்த நாட்களில் மாதந்தோறும் என்ன ஊதியம் பெற்றார்கள், எந்த அறையிலிருந்து வேலை செய்தார்கள், ஆராய்ச்சிக்கென்று அவர்களுக்கு எத்தனை நாழிகை ஒழிந்தது என்று விசாரிக்க வேண்டும். சிலைகள் புளுகும், சம்பளப் பட்டியல் புளுகாது. இவ்வாறு விசாரிக்கப் புகுவோருக்கு ஆசாரியர் ஜகதீச சந்திர வஸுவின் சரித்திரத்தைக் காட்டிலும் சிறந்த பாடம் நம் நாட்டில் கிடைப்பது அரிது. செடிகொடிகளின் துடிப்பை அளந்து காட்டியவரென்று பள்ளிப் பிள்ளைகளும் அவரை அறிவார்கள். கம்பியில்லாத் தந்திக்கு வழி திறந்தவர்களுள் ஒருவரென்று படித்தவர்கள் அறிவார்கள். ஆனால் கலாசாலை ஆசிரியராக அவர் 30 வருஷம் நடத்திய போராட்டத்தை அறிந்தவர் சிலரே. அதனையே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

வஸு 1858-ம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர வஸு சர்க்கார் உத்தியோகஸ்தர்; பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் அவருடைய அந்தஸ்திலிருந்தவர்கள் தங்கள் குழந்தைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதே கௌரவமென்று கருதினார்கள். பகவான் சந்திரரோ தம் மகனை முதலில் தாய்ப்பாஷைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினார். அங்கே ஒரு புறம் தந்தையாரிடம் ஊழியம் செய்த முகம்மதியர் ஒருவரின் மகனும், மறுபுறம் செம்படவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருக்க, நடுவிலே ஜகதீசர் அமர்ந்து பாடங் கேட்டார். பறவைகளையும் மிருகங்களையும் நீர்வாழ் பிராணிகளையும் பற்றி அச்சிறுவர்கள் சொன்ன கதைகளிலிருந்தே இயற்கையை ஆராயும் ஆவல் தமக்குப் பிறந்ததென்று பிற்காலத்தில் அவர் நன்றியுடன் நினைவு கூர்ந்திருக்கிறார்.

பின்னர் கல்கத்தாவில் செயின்ட் ஸேவியர் கலாசாலையில் சேர்ந்து, லாபோன் பாதிரியாரிடம் பௌதிக சாஸ்திரம் பயின்று, 1879-ம் வருஷத்தில் பி. ஏ. பட்டம் பெற்றார். சிவில் ஸர்விஸ் பரீக்ஷைக்குப் போக வேண்டுமென்பது வாலிபரின் ஆசை. தந்தையார் அதற்கு இசையவில்லை. பிறரை ஆளும் உத்தியோகம் தம் மகனுக்கு வேண்டாமென்றும், தன்னைத் தானே ஆளும் வித்துவானாக அவன் விளங்க வேண்டுமென்றும் அவர் விரும்பினார். அந்நிய சர்க்காரில் வேலை பார்த்து அதன் உள்ளும் புறமும் கண்டவர் தம் மகனுக்கு அளித்த இந்த ஆலோசனையை அரசியல் ஊழியர்களாகிய நமது நேயர்கள் மனத்திற் கொள்வார்களாக.

1880-ல் வைத்தியம் படிக்க லண்டனுக்குச் சென்ற வஸு, தீராத காய்ச்சலினாலும், பிரேத பரிசோதனைச் சாலையின் நாற்றத்தைத் தாங்கமாட்டாமையாலும் அதனைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் ஸர்வகலாசாலையில் இயற்கைச் சாஸ்திரங்களைப் படிக்கலானார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களுள் ராலே பிரபுவும் ஒருவர். 1884-ல் கேம்பிரிட்ஜ் பட்டமும், லண்டன் ஸர்வகலாசாலையின் சாஸ்திரப் பட்டமும் பெற்று, அடுத்த வருஷம் தாய்நாடு திரும்பினார்.

இனித்தான் நாம் சொல்ல வந்த வரலாறு தொடங்குகிறது. ராஜப்பிரதிநிதியாயிருந்த ரிப்பன் பிரபுவின் ஆதரவு அவருக்கு இருந்தது. இருந்தும் வங்காளத்துக் கல்வி இலாகா அவரை மனமுவந்து ஏற்கவில்லை. இந்தியருக்குத் தத்துவமும் காவியமும் வரலாமேயன்றி, அளந்தறியும் சாஸ்திரங்களைக் கற்பிக்கும் திறமை வாராதென்ற எண்ணம் மேலதிகாரிகளிடத்தே ஊறிக் கிடந்தது. மேலிடத்துச் சொல்லைத் தட்ட முடியாமல் 1885-ல் கல்கத்தா பிரஸிடென்ஸி காலேஜில் அவரைப் பௌதிக ஆசிரியராக நியமித்தார்கள். ஆனால் தற்காலிக ஆசிரியராகவே நியமித்தார்கள்.

அந்தத் தற்காலிகம் என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு சூழ்ச்சி அடங்கியிருந்ததென்று பாருங்கள். அதே வேலையைச் செய்யும் ஐரோப்பியர் பெறுவதில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்குச் சம்பளமென்பது அன்றைய ஏற்பாடு. தற்காலிகம் என்ற காரணத்தைக் காட்டி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். ஆகவே ஒரே வகுப்பில், ஒரே பாடத்தை, அதே மாணாக்கர்களுக்குக் கற்பித்தும், வஸுவுக்குக் கிடைக்கவிருந்தது ஐரோப்பியரின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. படிப்பிலே குறைவென்று சொல்ல வழியில்லை; கேம்பிரிட்ஜ் பட்டம் கையிலிருந்தது. உழைப்பிலே குறைவென்று சொல்லவும் வழியில்லை. குறைவு அவருடைய பிறப்பிலே இருந்ததாகச் சர்க்கார் கருதிற்று.

வஸு வழக்குத் தொடுக்கவில்லை. வேலையை ராஜினாமாச் செய்யவுமில்லை. மாதந்தோறும் வந்த சம்பளத்தைத் தொட மறுத்தார். வகுப்புகளை மாத்திரம் ஒரு நாளும் தவறாமல் நடத்தி வந்தார். இவ்விதம் ஒரு மாதமல்ல, இரண்டு மாதமல்ல, 3 வருஷம் கழிந்தன. வீட்டிலோ செல்வம் கொழிக்கவில்லை. தந்தையார் ஜனங்களுக்குப் பயன்படுமென்று கைத்தொழில்களிலும் தேயிலைத் தோட்டத்திலும் பணத்தைப் போட்டு நஷ்டமடைந்து கடனில் மூழ்கியிருந்தார். இதற்கிடையே 1887-ல் வஸுவுக்கு விவாகமும் நடந்தது.

அவரை மணந்த அபலா அம்மையார் நமது சென்னைக்கும் பழக்கமானவர். கல்கத்தா வைத்தியக் கலாசாலை அக்காலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்ததனால், அவர் 1882-ல் சென்னைக்கு வந்து இங்குள்ள வைத்தியக் கலாசாலையில் பயின்றார். உடல்நலக் குறைவினால் படிப்பை முடிக்க இயலாமல் திரும்பினார். பெண்ணென்ற காரணத்தால் ஒரு வாயில் தமக்கு அடைபட்டதைக் கண்ட அம்மாதரசிக்கு, இந்தியரென்ற காரணத்தால் கணவருக்கு நேர்ந்த அவமதிப்பு நன்கு விளங்கியிருக்க வேண்டும். கல்கத்தாவில் வீடெடுக்க வசதியின்றித் தம்பதிகள் சந்திரநாகூரில் ஆற்றங்கரையில் குடியிருந்தார்கள். வஸு படகேறி ஹூக்ளி நதியைக் கடந்து, அக்கரையில் ரயிலேறிக் காலேஜுக்குச் சென்று பாடஞ் சொல்லி வந்தார்.

3 வருஷத்தின் முடிவில் சர்க்கார் பணிந்தது. அவருடைய உத்தியோகம் நிரந்தரமாக்கப்பட்டது. அதுவும் தொடக்க நாளிலிருந்தே செல்லுபடியாகுமாறு செய்யப்பட்டது. மூன்றாண்டுச் சம்பளமும் குறைவின்றி ஒரே தொகையாக வந்து சேர்ந்தது. அப்பணத்தைத் தந்தையாரின் கடனுக்கே கொடுத்தார்.

இந்நிகழ்ச்சியைப் பணத் தகராறென்று எண்ணுவோர் அதன் உட்பொருளை உணராதவர்கள். பணமே பெரிதாயிருந்தால், கிடைத்ததை வாங்கிக்கொண்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்திருப்பார். சட்டத்தில் ஒரு நியாயமுண்டு: குறைந்த தொகையை ஆட்சேபமின்றிப் பெற்றுக்கொண்டவன், பிறகு அது குறைவென்று வாதிப்பது எளிதன்று. வஸு அக்குறைந்த தொகையைத் தொடாமலிருந்ததே அவருடைய வாதம். வகுப்பைத் தவறாது நடத்தியதே அவர் காட்டிய சாட்சியம். இந்தியனால் சாஸ்திரம் கற்பிக்க முடியாதென்ற குற்றச்சாட்டுக்கு அந்த வகுப்பைத் தவிர வேறு பதில் தேவைப்படவில்லை. பிற்காலத்தில் நம் நாட்டார் கைக்கொண்ட சாத்வீக எதிர்ப்பின் விதையொன்று அந்தக் காலேஜ் அறையில் 1885-லேயே ஊன்றப்பட்டதென்று நாம் கருதுகிறோம்.

சம்பள வழக்கில் வென்றார். ஆனால் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்ததா? இல்லை. வாரத்துக்கு 26 மணி நேரம் பாடஞ் சொல்லும் பொறுப்பு அவர் தலைமேலிருந்தது. ஆராய்ச்சிச் சாலையென்று பெயர் சொல்லத்தக்க ஓரிடம் காலேஜில் இல்லை. ஆசிரியருடைய கடமை பாடஞ் சொல்வதோடு முடிந்ததென்பதே இலாகாவின் கொள்கை. 1894-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், தமது 36-வது பிறந்த நாளன்று, இனித் தம் வாழ்நாளைப் புதிய உண்மைகளைத் தேடுவதற்கே அர்ப்பணிப்பதென்று வஸு விரதம் பூண்டார். ஸ்நான அறையை அடுத்திருந்த 24 சதுர அடி இடமே அவருக்கு ஆராய்ச்சிச் சாலையாயிற்று. கல்கத்தாவின் தகரக் கொல்லரைக் கொண்டு கருவிகளைச் செய்வித்தார். செலவைத் தம் கையிலிருந்தே போட்டார். பகலெல்லாம் பாடஞ் சொல்லி ஓய்ந்த பிறகே ஆராய்ச்சி நடந்தது.

அந்தச் சிற்றறையில் நடந்த வேலையைச் சற்று விளக்குதல் தகும். மின்சார அலைகள் உண்டென்பதை ஜெர்மானியராகிய ஹெர்ட்ஸ் 1880-க்குப் பிற்பட்ட வருஷங்களில் நிரூபித்திருந்தார். ஆனால் அவருடைய அலைகள் மிக நீண்டவை. ஒளியைப் போலவே அவையும் வளையும், திரும்பும், ஒரு தளத்தில் மாத்திரம் அதிரும் என்பதைச் செவ்வையாகப் பரிசோதிக்கப் பெரிய மண்டபமும் பெரிய கருவிகளும் வேண்டியிருந்தன. வஸு அலையைக் குறுக்கினார். 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகள் வரை அவர் உண்டாக்கினார். அலை குறுகவே கருவியும் குறுகிற்று. ஒரு மேஜையின் மேல் எல்லாப் பரிசோதனைகளையும் நடத்தலாயிற்று. கந்தகத்தில் அவ்வலைகள் எவ்வளவு வளைகின்றனவென்று அளந்தார். முறுக்கிய சணலைக் கொண்டு அலையின் தளம் திரும்புவதைக் காட்டினார். ரயில்வே கால அட்டவணைப் புஸ்தகமொன்றின் ஏடுகளுக்கிடையே உலோகத் தகட்டை வைத்து அதனையே அலையின் தளத்தைப் பிரித்தறியும் கருவியாக்கினார். வசதியில்லாத இடத்தில் புத்தி எவ்வாறு வசதியைச் சிருஷ்டித்துக்கொள்கிறதென்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

1895-ம் வருஷம் மே மாதத்தில் வங்காள ஆசியச் சங்கத்தில் முதல் கட்டுரை படிக்கப்பட்டது. அதே வருஷத்தில் ராலே பிரபுவின் மூலமாக லண்டன் ராயல் சங்கத்திற்கும் அவருடைய கட்டுரை சென்றது. கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களை ஊடுருவி 75 அடி தூரம் சென்ற அலையினால் மணி அடிக்கவும் வெடிமருந்து வெடிக்கவும் ஜனங்கள் கண்டு பிரமித்தார்கள். 1896-ல் லண்டன் ஸர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டமளித்தது. 1897 ஜனவரி மாதம் 29-ந் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் வெள்ளிக்கிழமைப் பிரசங்க மேடையில் அவர் நின்று தம் கருவிகளைக் காட்டினார். கெல்வின் பிரபு முதலிய பெரியோர்கள் அவருக்குத் தக்க ஆராய்ச்சிச் சாலை அமைத்துக் கொடுக்க வேண்டுமென்று இந்தியா மந்திரியைக் கேட்டுக்கொண்டார்கள். கோரிக்கை காகிதத்திலிருந்து கட்டிடமாக மாற ஏறக்குறைய அவருடைய உத்தியோக காலம் முழுதும் சென்றது. ஆசிரியர் ஓய்வு பெறும் தறுவாயிலேதான் காலேஜுக்குத் தகுந்த ஆராய்ச்சிச் சாலை வந்தது.

1901-ல் அவர் லண்டனிலிருந்தபோது தந்திக் கம்பெனிச் சொந்தக்காரர் ஒருவர் காப்புரிமைப் பத்திரத்தைக் கையிலேந்தி வந்து, லாபத்தில் பாதி தருவதாகவும், கண்டுபிடிப்பை வெளியிட வேண்டாமென்றும் வற்புறுத்தினார். வஸு மறுத்தார். உண்மையைச் சந்தைச் சரக்காக்க அவர் உடன்படவில்லை. பின்பு ஸாரா புல் என்ற அமெரிக்க அம்மையாரும் சகோதரி நிவேதிதையும் வற்புறுத்தியதன்மேல், அலைகளை உணரும் கலீனாக் கருவிக்கு அமெரிக்காவில் 1901 செப்டம்பரில் விண்ணப்பம் செய்யப்பட்டு, 1904 மார்ச்சில் 755,840 என்ற இலக்கத்தோடு காப்புரிமை கிடைத்தது. அரைக்கடத்திக் கருவிகளுக்கென்று வழங்கப்பட்ட காப்புரிமைகளில் அதுவே முதலாவதென்று பிற்காலத்தார் மதிக்கிறார்கள். ஆனால் அதனால் ஒரு காசும் பெற வஸு முயலவில்லை.

இவ்விடத்தில் நடுநிலைமை தவறாமல் ஒன்று சொல்ல வேண்டும். மார்க்கோனி வஸுவின் கண்டுபிடிப்பையெல்லாம் திருடிக்கொண்டாரென்று நம்மவர் சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. 1899-ல் வஸு ராயல் சங்கத்தில் வெளியிட்ட இரும்பு-பாதரசக் கருவிக்கும், 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த சங்கேதத்தை மார்க்கோனி கேட்ட கருவிக்கும் நெருங்கிய தொடர்புண்டென்று பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியிருப்பது மெய்யே. ஆயினும் இருவர் நோக்கமும் வேறு. மார்க்கோனி நீண்ட அலைகளைக் கொண்டு தூரத்தை வெல்ல முயன்றார். வஸு குறுகிய அலைகளைக் கொண்டு இயற்கையின் ரகசியத்தை அறிய முயன்றார். வஸுவின் புகழுக்கு மற்றொருவரைக் கள்வராக்குவது அவசியமில்லை. அந்தக் குறுகிய அலைகளின் சந்ததியே இன்று வான சாஸ்திரிகளின் தூரதரிசனிகளிலும் புதிய தொலைபேசிகளிலும் வேலை செய்கிறது. 1894 முதல் 1896 வரை அவர் செய்த பரிசோதனைகளைச் சரித்திரப் பிரசித்தி பெற்றவையென்று உலக மின்சார எஞ்சினியர்களின் சங்கமே 2012-ல் அங்கீகரித்தது.

அலைகளை உணரும் உலோகத்துகள்கள் தொடர்ந்து வேலை செய்தால் களைப்புறுவது போலவும், ஓய்வளித்தால் தெளிவது போலவும் வஸுவுக்குத் தோன்றிற்று. அங்கிருந்து உயிருள்ளவற்றையும் உயிரற்றவற்றையும் ஒப்பிடும் ஆராய்ச்சியில் இறங்கினார். 1901 ஜூன் மாதத்தில் ராயல் சங்கத்தில் அவர் தம் பரிசோதனைகளைக் காட்டியபோது, உடற்கூற்று விற்பன்னராகிய பர்டன் ஸாண்டர்ஸன் எதிர்த்தார். பௌதிக ஆசிரியர் தமது எல்லைக்குள் இருக்க வேண்டுமென்பது எதிர்த்தோரின் எண்ணம். கட்டுரை அச்சேறாமல் நின்றுவிட்டது. விடுமுறைக் காலம் முடிந்து, பணமும் குறைந்த அவ்வேளையில், கவி ரவீந்திரநாதரின் முயற்சியால் திரிபுரா மகாராஜா பொருளுதவி செய்தார். அடுத்த வருஷம் லின்னேயன் சங்கம் அவருடைய ஆராய்ச்சியை வெளியிட்டது. அவர் நூலும் 1902-ல் வெளிவந்தது. நூல்களைச் செம்மை செய்து எழுதுவதில் நிவேதிதையின் உதவி மிகுதியாயிருந்தது.

தாவரங்களின் வளர்ச்சியைப் பல்லாயிர மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் யந்திரம் அவருடைய பிற்காலச் சாதனை. அதன் துல்லியத்தைச் சிலர் சந்தேகித்தபோது, 1920-ல் லண்டனில் ராலே, பிராக் முதலிய விற்பன்னர்கள் முன்னிலையில் பரிசோதனை நடத்திக் காட்டிச் சந்தேகத்தைத் தீர்த்தார். அவ்வருஷமே ராயல் சங்கம் அவரை அங்கத்தினராக ஏற்றது. தாவரங்களில் மின்சாரச் சமிக்ஞைகள் ஓடுகின்றனவென்ற அவருடைய கொள்கை நிலைபெற்றுவிட்டது. மரத்தின் உச்சிக்கு நீர் ஏறுவது உள்ளணுக்களின் துடிப்பினாலென்று 1923-ல் அவர் வெளியிட்ட முடிவும், உலோகத்தையும் உயிரையும் ஒரே வரிசையில் நிறுத்திய முடிவும் நிலைபெறவில்லை. பெரியோருடைய தவறுகளை மறைப்பது பக்தியாகலாம், சாஸ்திரமாகாது.

1915-ல் வஸு காலேஜிலிருந்து ஓய்வு பெற்றார். மற்றவர்கள் சாய்வு நாற்காலியைத் தேடும் வயதில் அவர் தம் வாழ்நாளின் பெரிய காரியத்தைத் தொடங்கினார். 1917-ம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி, தமது 59-வது பிறந்த நாளன்று, கல்கத்தாவில் வஸு விஞ்ஞான மந்திரத்தைத் திறந்து தேசத்துக்கு அர்ப்பணம் செய்தார். தமது சேமிப்பையெல்லாம் அதற்கே கொடுத்தார், பொதுஜனங்களும் கொடுத்தார்கள், சர்க்காரும் உதவிற்று. நாளந்தையையும் தக்ஷசீலத்தையும் நினைவூட்டி, அங்குள்ள வசதிகள் எல்லாத் தேசத்து ஆராய்ச்சியாளருக்கும் திறந்திருக்குமென்றும், அங்கே கண்டுபிடிப்பவை உலகத்தின் பொதுச்சொத்தாகுமென்றும், அவற்றுக்குக் காப்புரிமை பெறப்படமாட்டாதென்றும் அவர் அறிவித்தார். 24 சதுர அடியில் வேலை செய்தவர், தமக்குப் பின் வருவோர் அவ்விதம் வருந்தலாகாதென்று கட்டிய கட்டிடம் அது. 1937-ம் வருஷம் நவம்பர் மாதம் 23-ந் தேதி கிரிடியில் அவர் காலமானார்.

நமது நேயர்களுள் தீவிரக் கொள்கையினர் ஓர் ஆட்சேபம் கூறலாம். 1917-ல் அந்நிய சர்க்கார் கொடுத்த ஸர் பட்டத்தை வாங்கிக்கொண்டவர்தாமே இவர்? சிறை புகாதவர்தாமே? உண்மை. ஆனால் தேசபக்தியை ஒரே படிக்கல்லால் நிறுக்கலாகாது. சிறைக்கோட்டத்தில் வெல்ல வேண்டிய போர் ஒன்று. வகுப்பறையில் வெல்ல வேண்டிய போர் மற்றொன்று. இந்தியருக்குச் சாஸ்திரம் வாராதென்ற பொய் நிலைத்திருந்தால், நாம் அரசியல் விடுதலை பெற்ற பிறகும் அறிவிலே அடிமைகளாயிருந்திருப்போம். அப்பொய்யை உடைத்தவர்களுள் வஸு முதல்வர். அவரோடு அதே காலேஜில் 1889-ல் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில் தற்காலிக உதவி ஆசிரியராக அமர்ந்த பிரபுல்ல சந்திர ராயும் அவருக்குத் துணை நின்றார். இவ்விருவரிடமும் பயின்ற மாணாக்கர்களே மேகநாத ஸாஹாவும் ஸத்யேந்திரநாத வஸுவும்.

இனி நமது முடிவைச் சொல்வோம். வஸுவின் தியாகத்தைப் புகழ்ந்து பேசி வீட்டுக்குப் போய்விடுவது எளிது. நாம் கேட்பது வேறு. 26-ம் வயதில் ஆசிரியரான ஒருவர் 36-ம் வயதில்தானே ஆராய்ச்சி தொடங்கினார்? இடையிலே போன 9 வருஷங்கள் யாருடைய கணக்கில் எழுதப்பட வேண்டியவை? மூன்றாண்டுச் சம்பளத்தைச் சர்க்கார் பாக்கியோடு திருப்பிக் கொடுத்தது. போன வருஷங்களைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கஜானாவாலும் முடியாது. 24 சதுர அடியில் அவ்வளவு செய்தவர், தக்க சாலையும் தக்க சகாக்களும் இருந்திருந்தால் எவ்வளவு செய்திருப்பார்! தியாகம் ஒரு மனிதனுக்கு அணி. அதை எதிர்பார்ப்பது ஒரு தேசத்துக்கு இழுக்கு. வீரர்களை நம்பிச் சாஸ்திரம் வளர்க்கும் நாடு, வீரரல்லாத ஆயிரம் திறமைசாலிகளை இழந்துவிடுகிறது.

அவர் கட்டிய மந்திரத்திலேயே இதற்குச் சான்றுண்டு. அவருக்குப் பின் 1938-ல் தலைமை ஏற்ற தேவேந்திர மோகன வஸுவும், விபா சௌதுரி என்ற பெண்மணியும் இமயமலைச் சாரலில் புகைப்படத் தகடுகளை வைத்து, விண்ணிலிருந்து வரும் கதிர்களில் புதிய அணுத்துகள்களின் சுவடுகளைக் கண்டார்கள். யுத்த காலத்தில் அதைவிடச் சிறந்த தகடுகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, வேலை நின்றுவிட்டது. சிறந்த தகடுகள் கிடைத்த இங்கிலாந்தில் அதே முறையை வளர்த்த பவல் 1950-ல் நோபல் பரிசு பெற்றார். புத்தி இங்கேயும் இருந்தது. தகடு அங்கே இருந்தது.

அந்நிய ஆட்சி 1947-ல் போயிற்று. தற்காலிகம் என்ற சொல் போயிற்றா? நிரந்தர ஆசிரியருக்கு ஒரு சம்பளமும், அதே வகுப்பை நடத்தும் தற்காலிக ஆசிரியருக்கு அதில் ஒரு சிறு பங்கும் கொடுக்கும் வழக்கம் நம் கல்லூரிகளில் இன்னும் இருக்கிறது. ஆராய்ச்சி மாணவரின் உபகாரச் சம்பளம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ரூபாயாக 2019-ல் உயர்ந்ததும், அவர்கள் தெருவில் நின்று கேட்ட பிறகுதான். தேசத்தின் மொத்த வருமானத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஆராய்ச்சிக்குச் செலவிடப்படாமல் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆங்கிலேயனைக் குறை கூற இப்போது நமக்கு வழியில்லை. சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுவது நமது கை.

ஆகையால் பொது ஊழியத்தில் ஈடுபட்டுள்ள நேயர்களுக்கு நமது விண்ணப்பம் இது. வஸுவின் பிறந்த நாளுக்கு மாலை சாத்துவதோடு நில்லாதீர்கள். உங்கள் ஊர்க் கல்லூரிக்குச் சென்று, அங்கே எத்தனை ஆசிரியர்கள் தற்காலிகமென்ற பெயரால் எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறார்களென்று கேளுங்கள். சமமான வேலைக்குச் சமமான ஊதியமும், ஆராய்ச்சிக்கென்று ஓர் அறையும், அவ்வறையில் உட்காரச் சில மணி நேர ஓய்வும் அவர்களுக்குக் கிடைக்கும்படி சட்டசபையிலும் வெளியிலும் போராடுங்கள். இன்னொரு வஸு சம்பளத்தை மறுத்து மானத்தைக் காக்க வேண்டிய நிலை இந்நாட்டில் மறுபடி நேராதிருக்குமாறு செய்வதே அம்மகானுக்கு நாம் செலுத்தத் தக்க கடனாகும்.